போட்டோவா, ஓவியமா? உங்கள் படத்தில் நிஜம் எவ்வளவு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டில் முதல் வாரம் நடப்பது ஏறத்தாழ ஒன்றுதான். மொபைலில் உள்ள போட்டோக்களை எல்லாம் கேபிள் போட்டு ஏற்றுவார்கள். அடுத்து பீரோவில் இருக்கும் பழைய ஆல்பம் வெளியே வரும். "இதையும் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியுமா? கிழிந்த இடத்தைச் சரி செய்ய முடியுமா?" என்ற கேள்வி வரும். எங்கள் திருத்தணியில் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்பதும் இதைத்தான். முடியும். எப்படி என்று இந்தக் கட்டுரையிலேயே பார்க்கப் போகிறோம். ஆனால் மவுஸைக் கையில் எடுக்கும் முன் வேறொரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். நாம் சரி செய்வது போட்டோவையா, அல்லது போட்டோவின் மேல் புதிதாக ஓவியம் வரைகிறோமா?

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. எல்லாவற்றுக்கும் 'படம்' என்று சொல்லிவிடலாம். போட்டோவும் படம், ஓவியமும் படம், சினிமாவும் படம், பூஜை அறையில் மாட்டியிருப்பது சாமி படம். ஆந்திர எல்லையில் இருப்பதால் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் தெலுங்கும் கலந்து ஓடும். அவர்கள் படத்தை 'பொம்ம' என்பார்கள். நமக்கு பொம்மை என்றால் குழந்தை விளையாடுவது. இப்படி ஒரே சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடுவதால், எது கேமரா பார்த்தது, எது கை வரைந்தது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்குக் குறைவு.

மலையடிவாரக் கடைகளில் பிரேம் போட்டு விற்கும் முருகன் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூர் பக்தர்கள் "தணிகை முருகன் போட்டோ ஒன்று கொடுங்க" என்றுதான் கேட்பார்கள். கடைக்காரரும் கொடுப்பார். ஆனால் கருவறையில் கேமராவுக்கு இடமில்லை. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழகக் கோவில்களுக்குள் செல்போனையே தடை செய்ய உத்தரவிட்டது. அப்படியானால் அந்த 'போட்டோ' எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஓர் ஓவியர் வரைந்து, அதை அச்சுக்குப் போட்டோ எடுத்து, வண்ணம் பிரித்து, பிரின்ட் போட்டது. ஓவியத்தின் போட்டோ! இதில் யாரும் ஏமாற்றவில்லை, யாரும் ஏமாறவுமில்லை. கும்பிடுவதற்கு அது போதும். கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைத் தேட வரைந்த படம் போதுமா என்றால், போதாது. எந்த வேலைக்கு எந்தப் படம் என்பதுதான் விஷயம்.

பெரிதாக்கிப் பாருங்கள்

இப்போது ஒரு சிறிய பயிற்சி. மொபைலில் எடுத்த ஏதாவது ஒரு போட்டோவின் மேல் ரைட் கிளிக் செய்திடவும். கிடைக்கும் மெனுவில் 'ஓப்பன் வித்' சென்று, பெயின்ட் புரோகிராமைத் தேர்ந்தெடுக்கவும். விண்டோவின் கீழே வலது மூலையில் ஜூம் செய்வதற்கான ஸ்லைடர் இருக்கும். அதை இழுத்து 800 சதவீதத்துக்குக் கொண்டு போகவும். முகம் மறைந்து, வண்ண வண்ணமாகச் சதுரங்கள் தெரியும். ஒவ்வொரு சதுரமும் ஒரு பிக்ஸெல். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். உங்கள் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை போட்டோ என்பது இந்த எண்களின் பட்டியல்தான்.

இனி பெயின்டில் பிரஷ் எடுத்து, பக்கத்தில் உள்ள அதே நிறத்தை 'கலர் பிக்கர்' மூலம் தொட்டு, ஒரு சதுரத்தை நிரப்பவும். நீங்கள் வரைந்த பிக்ஸெலுக்கும் கேமரா தந்த பிக்ஸெலுக்கும் கம்ப்யூட்டர் எந்த வேறுபாடும் காட்டாது. பிலிம் காலத்தில் ஒட்டு வேலை செய்தால் நெகடிவில் தடயம் இருக்கும். இங்கே, கவனமாகச் செய்தால், கண்ணுக்குத் தெரியும் தடயம் எதுவும் இருக்காது.

சரி, நாம் கை வைக்காத படமாவது முழுக்க முழுக்க நிஜமா? அதுவும் இல்லை. டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு நிறம் தெரியாது. வெளிச்சம் எவ்வளவு என்று மட்டும்தான் தெரியும். எனவே ஒவ்வொரு பிக்ஸெலின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஏதாவது ஒரு நிறக் கண்ணாடி போன்ற வடிகட்டி வைப்பார்கள். பாதிப் பிக்ஸெல்களுக்குப் பச்சை, கால் பங்குக்குச் சிவப்பு, கால் பங்குக்கு நீலம். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்து, 1976ல் காப்புரிமை பெற்ற முறை இது. இன்றும் பெரும்பாலான மொபைல்களில் இதன் ஏதாவது ஒரு வடிவம்தான் உள்ளது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மெகாபிக்ஸெல் படம் என்றால், 1.2 கோடி பிக்ஸெல்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்கள் வீதம் பைலில் 3.6 கோடி எண்கள் இருக்க வேண்டும். ஆனால் சென்சார் அளந்தது 1.2 கோடி எண்களை மட்டுமே. மீதி 2.4 கோடி? பக்கத்துப் பிக்ஸெல்களைப் பார்த்து, "இங்கே இந்த நிறம் இருந்திருக்கும்" என்று புரோகிராம் கணக்கிட்டு எழுதியவை. அதாவது, நீங்கள் தொடாத படத்திலேயே மூன்றில் இரண்டு பங்கு ஊகம். நல்ல ஊகம், சுற்றிலும் அளந்து பார்த்துச் செய்த ஊகம். ஆனாலும் ஊகம்.

அந்தக் காலத்தில் மட்டும்?

கம்ப்யூட்டர் வந்துதான் போட்டோ கெட்டுப்போனது என்று பெரியவர்கள் சொல்வார்கள். வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. போட்டோகிராபி உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839ல். சென்னையில் 1850ல் ஓவியப் பள்ளியைத் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர். இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி அதன் வழிவந்ததுதான். அதே ஹன்டர்தான் 1856ல் சென்னையில் போட்டோகிராபர்களுக்கான சங்கத்தையும் தொடங்கி வைத்தார். நம் ஊரில் தூரிகையும் கேமராவும் ஒரே கூரையின் கீழ்தான் வளர்ந்தன.

அப்போது சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக இருந்தவர் லின்னேயஸ் ட்ரைப். 1858ல் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று சுற்றிப் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டை, 21 படங்களாக எடுத்து ஒட்டி ஒரே நீண்ட படமாக்கினார். இன்று மொபைலில் 'பனோரமா' என்று ஒரு பட்டனைத் தட்டிச் செய்கிறோமே, அதைக் கையால் செய்தவர். இந்த அளவு நிஜத்துக்கு மெனக்கெட்ட மனிதர் இன்னொரு காரியமும் செய்தார். அன்றைய நெகடிவ்கள் நீல வெளிச்சத்துக்கு மட்டும் அதிகம் மயங்கும். அதனால் வானம் வெறும் வெள்ளையாக வந்துவிடும். ட்ரைப் தன் நெகடிவ் தாளின் மேல் வண்ணம் தீட்டி மேகங்களை வரைந்தார். அந்தக் கோவில் கோபுரத்துக்கு மேல் நீங்கள் பார்க்கும் மேகம் அன்று வானில் இருந்த மேகம் அல்ல.  

பின்னால் வந்த ஸ்டுடியோக்களில் 'டச்சிங்' என்று தனி வேலையே இருந்தது. முகத்துச் சுருக்கம் நெகடிவில் வெளிறிய கோடாக இருக்கும். கூர்மையான பென்சிலால் அதை மெல்ல நிரப்பினால், பிரின்டில் சுருக்கம் மறைந்துவிடும். கருப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் கலர் பூசுவதும் சாதாரணம். "அம்மா கட்டியிருந்த சேலை என்ன கலர்?" என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். பதில் தெரியாவிட்டால், இருக்கவே இருக்கிறது பச்சை. எங்கள் ஊரில் மொட்டை போட்டு, சந்தனம் பூசி, குடும்பத்தோடு எடுத்த பழைய படங்களில் பின்னால் ஒரு மலையும் கோபுரமும் தெரியும். நிஜ மலை ஸ்டுடியோவுக்கு வெளியே நூறு அடியில் இருக்கும். படத்தில் இருப்பது திரைச்சீலையில் வரைந்த மலை!

ஓவியர்கள் பக்கமும் இதே கதைதான். கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898-1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்தவர். சிவகாசி அச்சகங்கள் வழியாக அவருடைய சாமி படங்கள் காலண்டர்களாக வீடு வீடாகப் போயின. அந்தப் படங்களில் முகத்தில் வெளிச்சம் விழுவதும் நகை மின்னுவதும் போட்டோ போலவே இருக்கும். போட்டோ ஓவியத்தைப் போல் ஆகப் பார்த்தது, ஓவியம் போட்டோவைப் போல் ஆகப் பார்த்தது. இரண்டும் நடுவழியில் சந்தித்துக்கொண்ட இடம் நம் வீட்டுச் சுவர். இதில் ஒரு வேடிக்கை. காலண்டர் முருகன் மயிலில்தான் வருவார். தணிகையில் அவருக்கு யானையும் வாகனம் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். காலண்டரில் நான் யானையைப் பார்த்த நினைவில்லை.

இன்று ஏ.ஐ. வரைந்த ஆறுமுகன் படங்கள் வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு வருகின்றன. வந்தால் ஒரு வேலை செய்யுங்கள். கைகளை எண்ணுங்கள். எனக்கு வந்தவற்றில் ஒன்றில் ஒன்பது, இன்னொன்றில் பதினொன்று. கொண்டையராஜு எண்ணாமல் விட்டிருக்க மாட்டார்.

லென்ஸ் சொல்லும் கதை

யாரும் எதையும் வரையாவிட்டாலும் படம் மாறும். மொபைலை முகத்துக்கு ஒரு அடி தூரத்தில் வைத்து செல்பி எடுத்தால், ஐந்து அடியில் இருந்து எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018ல் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். செல்பியைப் பார்த்துவிட்டு மூக்கைச் சிறிதாக்க ஆபரேஷன் கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லத்தான் அந்தக் கணக்கு. மலைக்கும் இதேதான். ஆடிக் கிருத்திகையன்று காவடிகளோடு நிமிர்ந்து பார்க்கும்போது மலை எவ்வளவு பெரிதாக இருக்கிறது! மொபைல் படத்தில் குட்டிக் குன்றாகிவிடும். காரணம், மொபைலின் லென்ஸ் அகலமான காட்சியை அள்ளிக்கொள்வது. சில அடிகள் பின்னால் போய், ஜூம் செய்து எடுத்தால் கண்ணில் பட்ட அளவுக்கு அருகில் வரும். ஓவியர் மலையைப் பெரிதாக வரைந்தால் பொய் என்கிறோம். இந்த ஒரு விஷயத்தில் அவர்தான் கேமராவைவிட உண்மையாக இருக்கிறார்.

இப்போதைய மொபைல்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டன. 2023 மார்ச்சில் ஒருவர் நிலாவின் நல்ல படம் ஒன்றை 170க்கு 170 பிக்ஸெல்களாகச் சுருக்கி, மங்கலாக்கி, கம்ப்யூட்டர் மானிட்டரில் வைத்தார். அறையின் விளக்கை அணைத்துவிட்டு, தூரத்தில் இருந்து சாம்சங் மொபைலில் அதைப் படம் எடுத்தார். மொபைல் தந்த படத்தில், மானிட்டரில் இல்லாத பள்ளங்களும் கோடுகளும் தெளிவாகத் தெரிந்தன. நிலா என்று கண்டுகொண்டால் ஏ.ஐ. மூலம் விவரங்களைக் கூட்டுவதாக நிறுவனமும் விளக்கம் தந்தது. நிலா எல்லோருக்கும் ஒன்றுதான், அதனால் பெரிய நஷ்டமில்லை. செய்திப் படங்களில் அப்படி விட முடியாது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது, பிரதமர் விமானத்தில் இருந்து பார்வையிடும் படம் ஒன்றை மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் வெளியிட்டது. ஜன்னல் வழியே தெரிந்த வெள்ளக் காட்சி வேறு படத்தில் இருந்து ஒட்டப்பட்டது என்று வாசகர்கள் கண்டுபிடித்தார்கள். படம் நீக்கப்பட்டது, இரண்டு படங்கள் இணைக்கப்பட்டதாக விளக்கம் வந்தது. வெள்ளம் நிஜம், பயணமும் நிஜம். படம் மட்டும் நிஜமில்லை!

ஒரு பழைய போட்டோவும் ஒரு மூக்குத்தியும்

இனி வேலைக்கு வருவோம். இதை ஒரு நிஜ உதாரணத்தோடு சொன்னால் எளிதாகப் புரியும். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அவருடைய தாயாருக்கு இருப்பது ஒரே ஒரு படம். கிருத்திகைக்கு வந்தபோது அடிவார ஸ்டுடியோவில் எடுத்தது. பூஞ்சை பிடித்து, இடது கன்னமும் அந்தப் பக்கத்துக் கண்ணில் பாதியும் வெள்ளையாக அரித்துப் போயிருந்தது. பேரன் அதை மொபைலில் எடுத்து, 'பழைய படத்தைப் புதுசாக்கும்' ஆப் ஒன்றில் போட்டுக் கொடுத்திருந்தான். பளிச்சென்று, கண் இமை முடி வரை தெரிகிற படம். வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது, பெரியவரைத் தவிர. "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது யாரோ பொம்பளை. எங்கம்மா இல்லை" என்றார்.

அவர் சொன்னது சரியா என்று கம்ப்யூட்டரிலேயே சோதித்தோம். நீங்களும் செய்யலாம். இதற்கு ஜிம்ப் என்ற இலவச புரோகிராம் போதும். 1996ல் இருந்து கிடைத்து வருவது. அதன் சொந்த இணையதளத்தில் இருந்து மட்டும் டவுண்லோட் செய்து கொள்ளவும்.

முதலில் ஒரிஜினலை ஸ்கேன் செய்ய வேண்டும். மொபைலில் எடுத்தால், மேலே சொன்ன மொபைலின் கைவண்ணமும் சேர்ந்துவிடும். ஸ்கேனர் கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்துவிட்டு, 600 டி.பி.ஐ. தேர்ந்தெடுக்கவும். கருப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் கலரிலேயே ஸ்கேன் செய்யவும், கறைகளின் நிறம் பின்னால் உதவும். 6க்கு 4 அங்குலப் படம் என்றால் 3600க்கு 2400 பிக்ஸெல்கள், சுமார் 86 லட்சம் பிக்ஸெல்கள் கிடைக்கும். பாஸ்போர்ட் அளவுப் படமாக இருந்தால் 1200 வைக்கவும். பைலை டிப் அல்லது பி.என்.ஜி. வகையில் சேவ் செய்யவும். ஜேபெக் வேண்டாம். அது ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக விவரங்களை விட்டுவிடும்.

அடுத்து, ஜிம்பில் ஸ்கேன் செய்த பைலைத் திறந்து, பைல் மெனுவில் 'ஓப்பன் ஆஸ் லேயர்ஸ்' மூலம் ஆப் தந்த படத்தையும் அதன் மேல் கொண்டு வரவும். அளவு வேறாக இருந்தால், லேயர் மெனுவில் 'ஸ்கேல் லேயர்' சென்று சமமாக்கி, இரண்டும் சரியாகப் பொருந்துமாறு நகர்த்தவும். பின் லேயர் பட்டியலின் மேலே உள்ள 'மோட்' பெட்டியில் 'டிபரன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். இரண்டு படமும் ஒரே மாதிரி உள்ள இடம் கருப்பாகிவிடும். எங்கே வித்தியாசமோ அங்கே வெளிச்சமாகத் தெரியும். சேலை, திரைச்சீலை எல்லாம் மங்கலாக அடங்கிவிட்டன. முகம் மட்டும் பளபளவென்று எரிந்தது. அரித்துப்போன இடது பக்கம் மட்டுமல்ல, நன்றாக இருந்த வலது பக்கமும்! கெடாத கன்னத்தில் இருந்த மச்சத்தை ஆப் தூசி என்று நினைத்துத் துடைத்திருந்தது. மூக்குத்தியையும் காணவில்லை. பெரியவருக்கு டிபரன்ஸ் மோட் தேவைப்படவில்லை, எனக்குத்தான் தேவைப்பட்டது.

சரி செய்யும் வேலையை ஒரிஜினலின் மேல் செய்யக் கூடாது. லேயர் மெனுவில் 'டூப்ளிகேட் லேயர்' கொடுத்து, நகலின் மேல் செய்யவும். மங்கிய படத்துக்கு கலர்ஸ் மெனுவில் 'லெவல்ஸ்' சென்று, 'ஆட்டோ இன்புட் லெவல்ஸ்' அழுத்திப் பார்க்கவும். அதிகமாகிவிட்டால் ஸ்லைடரைக் கையால் நகர்த்தலாம். கீறல்களுக்கு 'ஹீலிங்' டூல். கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி நல்ல இடத்தில் ஒரு கிளிக், பின் கீறலின் மேல் மெதுவாகத் தேய்க்கவும். பக்கத்தில் உள்ள நிறத்துக்குத் தக்கபடி அது கலந்துகொள்ளும். 'குளோன்' டூல் அப்படியே நகல் எடுத்து ஒட்டும். திரைச்சீலை, சேலை மடிப்பு போன்ற இடங்களுக்கு அது நல்லது. தூசி, கீறல், பழுப்பு நிறம் இவை படத்துக்குப் பிறகு வந்தவை. இவற்றை நீக்கினால் நிஜத்துக்கு அருகில்தான் போகிறோம். சேலையில் ஒரு சாண் அரித்திருந்தால், பக்கத்து மடிப்பைக் கொண்டு நிரப்புவது வரைவதுதான், ஆனால் யாருக்கும் அதில் வருத்தம் வராது.

முகத்தில்தான் சிக்கல். நன்றாக இருந்த வலது பாதியைத் திருப்பிப் போட்டு இடது பக்கம் ஒட்டிப் பார்த்தோம். லேயரைச் செலக்ட் செய்து 'பிளிப்' கொடுத்தால் ஒரு வினாடி வேலை. மனித முகத்தின் இரு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. வந்த முகம் ஒரு மாதிரி முகமூடி போல் இருந்தது. தவிர, வலது மூக்கில் இருந்த மூக்குத்தி இடது பக்கமும் வந்துவிட்டது. பெரியவர் சிரித்துவிட்டார். "ரெண்டு பக்கமும் குத்திக்கணும்னு அம்மாவுக்கு ஆசை இருந்துச்சு. நைனா வாங்கித் தரலை" என்றார். அந்த இடது மூக்குத்தியை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று வீட்டில் ஒரு சின்ன விவாதமே நடந்தது. ஓவியராக இருந்தால் வைத்திருப்பார், அதில் தப்பில்லை. இது போட்டோ என்று பேரப்பிள்ளைகள் நம்பப் போகிறார்கள் என்பதால் எடுத்துவிடச் சொன்னார்.

கடைசியில் அவர் கேட்டபடி செய்தது இதுதான். சுற்றிலும் உள்ள தூசி, கீறல், கறை எல்லாம் நீக்கினோம். மச்சமும் வலது மூக்குத்தியும் ஒரிஜினலில் இருந்தபடியே. இடது கன்னத்தில் எஞ்சியிருந்த பிக்ஸெல்களை ஒட்டி மிக மெல்லிய சாயை மட்டும் கொடுத்தோம். கண்ணின் அரித்த பாதியை வரையவில்லை, நிழல் விழுந்தது போல் இருட்டாக விட்டோம். சுவரில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான். பேரன் மட்டும் ஆப் தந்த படத்தை மொபைலில் வைத்திருக்கிறான். அது அவன் இஷ்டம்.

உங்கள் வீட்டில் இதைச் செய்யும்போது, ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பைல்கள் வைத்துக்கொள்ளவும். தொடாத ஸ்கேன் ஒன்று. லேயர்கள் எல்லாம் தனித்தனியாக இருக்கும் எக்ஸ்.சி.எப். பைல் ஒன்று. இதற்கு ஜிம்பில் 'சேவ்' கொடுத்தாலே போதும். பிரின்ட் போடவும் அனுப்பவும் ஜேபெக் ஒன்று. இது 'எக்ஸ்போர்ட் ஆஸ்' மூலம் கிடைக்கும். பைல் பெயரிலேயே விஷயத்தைச் சொல்லிவிடவும். 'பாட்டி-ஸ்கேன்', 'பாட்டி-இடது கன்னம் வரைந்தது' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். பிரின்ட் போட்டால் பின்பக்கம் பென்சிலால் அதையே எழுதவும். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.

டிஜிட்டல் கேமரா அல்லது மொபைலில் எடுத்த படங்களுக்கு இன்னொரு வசதி உண்டு. பைலின் மேல் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' சென்று 'டீட்டெயில்ஸ்' டேபைக் கிளிக் செய்தால், எடுத்த தேதி, கேமராவின் பெயர், எக்ஸ்போஷர் போன்ற தகவல்கள் இருக்கும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்த படத்தில் இவை இருக்காது. எனவே உறவினர்களிடம் திருமணப் படங்கள் கேட்டால், போட்டோவாக வேண்டாம், 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லவும். தகவல்களும் வரும், படத்தின் அளவும் குறையாது. தொடாத ஸ்கேன் பைல்களை மட்டும் ஒரு பென் டிரைவிலும், முடிந்தால் வேறு வீட்டில் இருக்கும் இன்னொரு டிரைவிலும் காப்பி செய்து வைக்கவும். ஒரிஜினல் போட்டோவைப் பிளாஸ்டிக் கவரில் போட வேண்டாம், ஈரம் தங்கிப் பூஞ்சை வரும். காகித உறைதான் நல்லது.